படி வைக்காத வண்டி

என்னங்க,

வண்டியைத் தேடாதீர்கள், நான்தான் எடுத்துப் போகிறேன். காடு மலை ஏறப்போவதாகச் சொல்லி சஸ்பென்ஷனை உயர்த்தி, யானைப் பாதம் மாதிரி நாலு டயர் மாட்டினீர்கள். மூன்று மாதத்தில் அது ஏறியது தெருமுனை வேகத்தடை ஒன்றுதான். என் முட்டிக்கோ அந்த வண்டியே எட்டு மாடி! முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவளை, நேற்று தெருவே பார்க்க மூட்டை மாதிரி உள்ளே தள்ளிவிட்டு, "குதிச்சு ஏறுடி, பழகிடும்" என்று சிரித்தீர்களே! மெக்கானிக்கிடம் இரண்டு பக்கமும் படி வைக்கச் சொல்வேன். அதுவரை வண்டியும் வராது, நானும் வரமாட்டேன்.

சாப்பாடு சமையலறை அலமாரியில், உச்சித் தட்டில் இருக்கிறது.

பி.கு.: வண்டியில் ஏறுவதற்காக வீட்டிலிருந்த ஒரே ஸ்டூலையும் கையோடு கொண்டுபோகிறேன்.