நூர்ஜஹான் நிரப்பிய தாள்

அன்புள்ள நைனா,

'அன்புள்ள' என்று போட்டதைப் பார்த்துப் பூரித்துப் போகாதே. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும், அதனால் போட்டேன். ஈரல் வெந்து நீ செத்து ஆறு வருஷம் ஆகிறது. என் கோபம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்தபோது நான் ஒரு பயிற்சியில் சேர்ந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, குடிப்பழக்கத்தை எப்படி ஆராய்ச்சி செய்வது என்று கற்றுத் தந்தார்கள். ஒழுங்காக முடித்தால் அங்கேயே வேலை. மண்ணூர்பேட்டையிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். குடிகாரன் மகளுக்குக் குடியைப் பற்றியே படிப்பா என்று தெரு சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். வெட்கமே இல்லையா உனக்கு?

குலுக்கலில் விழும் வீடுகளுக்குப் போய்க் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது. அவர்கள் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். தாளில் பெயர் இருக்காது, எண்தான். யார் என்ன சொன்னார் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நம் வீடு என் தோழி நூர்ஜஹானுக்கு விழுந்தது. பூந்தமல்லிக்காரி, நம் வீட்டுப் பக்கமே வந்ததில்லை. உன் கோலத்தையும் அம்மாவின் வீங்கிய கன்னத்தையும் அவள் பார்த்துவிடக் கூடாதென்று, காரணம் சொல்லாமல் அந்த வீட்டைக் கெஞ்சி மாற்றிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உன் எதிரே உட்கார்ந்தேன். கட்டிலுக்கடியில் பாட்டில் இருந்தது.

"குடியா? நானா? கையால தொட்டதே கெடையாது. எய்திக்கோ" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தினமும்' என்று எழுதினேன். எத்தனை வருஷமாக, எவ்வளவு, அடிப்பதுண்டா, எல்லாவற்றுக்கும் நானே பதில் எழுதினேன்.

மறுவாரம் பயிற்சி நடத்திய மேடம் சரிபார்க்க வந்தார். "நான் ஒண்ணியுமே சொல்லல மேடம், எம் பொண்ணு அதுவா எய்திகினு போச்சு" என்றாயே. அதற்கு மட்டும் உண்மை பேச உனக்கு வாய் வந்ததா?

மேடம் எல்லார் முன்னாலும் அந்தத் தாளைக் கிழித்தார். 'உனக்குத் தெரிந்ததை எழுதுவதற்கு நாங்கள் எதற்கு?' என்று என்னைக் கேட்டார். மூன்று மாதம் கேள்வித்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு கிட, பிறகு பார்க்கலாம் என்றார். சுமந்தேன்.

உன்னிடம் நூர்ஜஹானையே அனுப்பினார்கள். பத்து மணிக்கு உள்ளே போனவள் ஒன்றரைக்கு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. தெருமுனைக் குழாயடியில் காத்திருந்து கேட்டேன், இன்னாடி சொன்னாரு என்று.

"கேக்காத ஸ்டெல்லா. யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவர் கிட்ட சொல்லிட்டு வந்துக்கீறேன்" என்றாள்.

ஒரு வருஷம் அவளோடு நான் பேசவில்லை.

மூன்றரை மணி நேரம், நைனா. பெற்ற மகளுக்கு ஒரு வரிப் பொய், எவளோ ஒருத்திக்கு மூன்றரை மணி நேரம். அப்படி என்னத்தைச் சொன்னாய்? எதற்காகக் குடிக்க ஆரம்பித்தாய் என்றா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா?

இப்போது அந்தப் பயிற்சியை நடத்துவது நான்தான். தாள்கள் இருக்கும் அலமாரிச் சாவியும் என்னிடம்தான். பழைய தாள்களைத் திங்கட்கிழமை அரைத்துக் கூழாக்க ஆலைக்கு அனுப்புகிறோம். நம் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். நேற்று உன் தாளை உருவி எடுத்துவிட்டேன். மடித்தபடி இருந்தது. பின்பக்கமெல்லாம் நூர்ஜஹான் எழுதியிருந்த மை ஊறித் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து முத்தாபுதுப்பேட்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் வந்து நின்றாள். குலுக்கலில் அவளுக்கு அவள் வீடே விழுந்திருக்கிறது. அப்பாவைத் தானே கேட்கட்டுமா என்றாள்.

"வாணாம்மா. உங்கிட்ட பொய்தான் சொல்வாரு. வேற யாரையாச்சும் அனுப்பு" என்றேன்.

"அப்போ எனக்குத் தெரியவே வாணாமாக்கா?"

உன் தாள் என் கையில் இருந்தது. அதைக் கட்டுக்குள் செருகிக் கயிற்றை இறுக்கினேன்.

திங்கட்கிழமை கட்டோடு கட்டாக அது போய்விடும். அதுவரை சாவி என்னிடம்தான் இருக்கும், நான் படிக்க மாட்டேன். இது சத்தியம். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. நூர்ஜஹான் உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, அவளுக்காக. எனக்கு நீ சொல்லவில்லை, அதனால் எனக்கு அது வேண்டாம்.

நீ ஒரு பதிலும் சொல்லாமல் விட்டுப்போன உன் மகள்,
ஸ்டெல்லா