அவர் வழுக்கி விழவில்லை

வல்லத்திராக்கோட்டை,
ஞாயிறு, மாலை.

அன்பு மகன் கார்முகிலுக்கு, அம்மா எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். நீயும் மருமகள் நித்யாவும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க அய்யனார் துணை நிற்கட்டும். நான்கு நாள் பெய்த மழை இன்று காலைதான் விட்டது. நேற்று போனில் உன் பெரியப்பாவைப் பற்றி நான் சொன்னது பொய். துவைகல்லில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். அவர் விழவில்லை. நான் அடித்தேன். மண்வெட்டிக் காம்பால், மூன்று அடி. இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்காக நீயே ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதன் ரகுநாத் செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நாளை காலை போலீஸ் என்னை விசாரிக்க வருகிறது. உண்மையைச் சொன்னால் வழக்கு, வழக்கு என்றால் பள்ளிக்கூடத்தில் சஸ்பென்ஷன். சொல்லாமலும் இருக்கலாம். அதற்கும் வழி இருந்தது. எது எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பேசு.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுப்பன்னிரண்டு பேரின் பெயர் விவரங்களை வெள்ளிக்கிழமைக்குள் நெட்டில் ஏற்ற வேண்டும். ஆய்வக உதவியாளர் என்று பெயர்தான், அந்த வேலை முழுவதும் என் தலையில். பள்ளியில் இணைப்பு இல்லை, அதனால் வீட்டில் செய்கிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லியிருந்தேன். கொல்லை அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இல்லை. திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. குளியலறைக்குப் போனேன், அங்கே பல்பும் எரியவில்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தேன். ஒரே நாளில் இரண்டு செத்திருந்தன. நான் ஒன்றை மட்டும் பார்த்தேன். பால் ஊற்ற வந்த இருளாண்டி வாசலில் நின்று, "பெரியவரு ஒங்கள்ட்டச் சொல்லச் சொன்னாரு, கொடியத் தொட வேணாமாம்" என்றான். ஏன் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் சொன்னார் என்றான். கொல்லை பொது, கிணறு பொது, துணி காயப்போடும் கொடிக்கம்பியும் பொது. உன் அப்பா இறந்து பாகம் பிரித்த நாளிலிருந்து நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. உப்புக்கல் விஷயம் என்றாலும் பால்காரன் வாயில்தான் போய் வர வேண்டும். அவன் பாதியை மறந்துவிடுவான். மறந்த பாதியை நாங்கள் கோபத்தால் நிரப்பிக்கொள்வோம். கொடியையும் தனக்கே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நான் நிரப்பிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மழைக்கு விடுமுறை விட்டார்கள். உன்னைக் கூப்பிட்டேன். நீ வேலையில் இருந்தாய், இருந்தாலும் பொறுமையாகத்தான் சொன்னாய். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டரின் முதுகில் வயர் நுழையும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா பார். எரியவில்லை. வயரைப் பிடுங்கி, சொடக்கென்று சத்தம் வரும்வரை திரும்பச் சொருகு. சொருகினேன், எரியவில்லை. மாடிக்குப் போய் ரூட்டரில் வேறு துளையில் மாட்டு. மாட்டிவிட்டுக் கீழே வந்து பார்த்தேன், இல்லை. கம்ப்யூட்டரையே மாடிக்குத் தூக்கிப் போய்ச் சின்ன வயரால் நேராக இணைத்துப் பார் என்றாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈரப் படியில் ஏறினேன். பச்சை விளக்கு எரிந்தது. நெட் வந்தது. அப்படியானால் ரூட்டர் சரி, கம்ப்யூட்டர் சரி, நடுவில் ஓடும் நீள வயரில்தான் கோளாறு என்றாய். அங்கேயே உட்கார்ந்து வேலையை முடித்திருக்கலாம். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அப்போது எனக்கு நெட் வேண்டியிருக்கவில்லை. யார் என்று தெரிய வேண்டியிருந்தது.

வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மாடி ஜன்னல், படிக்கட்டுக் கம்பி, அங்கிருந்து கொடிக்கம்பியோடு சேர்ந்து கொல்லையைக் கடந்து அறைக்கு வர வேண்டும். பாதிக் கொல்லையில் கொடி இல்லை. கம்பி அறுந்து சேற்றில் கிடந்தது, அதோடு நம் நெட் வயரும். இழுத்து அறுந்ததில்லை. வெட்டு. உள்ளே இருந்த எட்டு நூலும் ஒரே நீளத்தில் நின்றன. பெரியப்பாவின் மாட்டுக் கொட்டகையில் தொரட்டி சாய்த்திருந்தது. முருங்கைக்காய் பறிக்கும் நீள மூங்கில், நுனியில் அரிவாள். அரிவாளில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் சீவல் ஒட்டியிருந்தது. போனில் உன்னிடம் சொன்னேன், வெட்டியிருக்கிறார் என்று. நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். அந்த ஆளோட கையை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்மா என்றாய். நீ சொன்னதால் நான் அடித்தேன் என்று நினைத்துவிடாதே. நீ சொல்லும்போதே காம்பு என் கையில் இருந்தது. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல்.

அவர் குனிந்து மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. கேட்கவும் இல்லை. முதல் அடி தோளில். திரும்பிக் கையைத் தூக்கினார். இரண்டாவது அந்தக் கையில். பச்சை விறகு முறிகிற சத்தம். மூன்றாவது காதோடு சேர்த்துத் தலையில். அவர் தொட்டிமேல் சாய்ந்து, தொட்டியோடு விழுந்தார். கழுநீரில் ரத்தம் கலந்து என் காலைச் சுற்றி ஓடியது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் நான்காவது அடிக்கு ஓங்கியிருந்தேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோபத்தில் தெரியாமல் நடந்தது என்று சொல்வார்களே, அப்படி இல்லை. எல்லாம் தெரிந்தது. அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை, அதுகூடத் தெரிந்தது. கை லேசாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

பெரியம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவர்மேல் விழவில்லை, கத்தவும் இல்லை. என் முன்னால் வந்து வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே ஒரு கோடு, விரல் கனத்துக்கு, கரிந்து போய், ஓரங்களில் வெள்ளையாகத் தோல் எழும்பி. "கொடியில கரண்டு, அமுதா. நேத்து ஈரச்சேலயப் போடப் போனேன், பிடிச்சுக்கிச்சு. அவருதான் தொரட்டியால கம்பிய அறுத்து விட்டாரு. ஒன்னயத் தொட வேணாம்னு சொல்லிவிட்டமே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கரண்ட் எப்படி வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போன பொங்கலுக்கு வந்தபோது நீ நெட் வயரைக் கொடியில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினாய். இதில் கரண்ட் வயர் எதையும் கட்டாதே, கம்பி இரும்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆடி மாதம் குளியலறைக்கு பல்பு இழுத்தேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. அந்த வயரையும் அதே கொடியோடு கட்டுக்கம்பியால் முறுக்கினேன், ஆடக் கூடாதென்று இறுக்கி இறுக்கி. காற்றில் ஆடி ஆடி முறுக்கின் முனை வயருக்குள் இறங்கியிருக்கிறது. புதன்கிழமை விடியற்காலை குளித்துவிட்டு ஸ்விட்சை அணைக்காமல் பள்ளிக்குப் போனேன். மழை. ஈரச்சேலை. அவர் கம்பியை அறுத்தார், அதோடு சேர்ந்து நெட் வயரும் பல்பு வயரும் போயின. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெரியம்மா செத்திருப்பாள். என் கையால். அதைத் தடுத்தவரைத்தான் நான் அடித்தேன்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் முந்தானையை அவர் தலையில் அழுத்திப் பிடித்திருந்தேன், அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கின்றன. தலையில் ஒன்பது தையல். வலது காது கேட்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்வார்களாம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், துவைகல்லில் வழுக்கி விழுந்தேன் என்று அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிப் போலீஸ்காரரிடமும் அதையே சொல்லிப் பெருவிரல் ரேகை வைத்தார். பிள்ளைகளின் பெயர்களை வேறொரு ஆசிரியை ஏற்றிவிட்டார். எனக்கு எதுவும் ஆகவில்லை. நேற்று உனக்கும் அதே பொய். என்னைக் காப்பாற்றிவிட்டாரே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நான்கு வருடம் முகம் பார்க்காத மனிதர்.

இன்று காலை ஸ்டேஷனுக்குப் போனேன். நானே என் கைப்பட எழுதி எடுத்துப் போனேன், இன்ன நாள், இன்ன நேரம், மண்வெட்டிக் காம்பால் அடித்தது நான். ஏட்டு இரண்டு தடவை படித்தார். "ஏம்மா, அடிபட்ட மனுசன் விழுந்தேங்குறாரு, நீங்க அடிச்சேங்குறீங்க. இங்க வழக்கமாத் தலகீழாவுல்ல வருவாங்க" என்றார். பங்காளி வீட்டுக்குள் சமாதானமாகப் போய்விடுங்கள் என்று தாளைத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு அலுத்துப்போய் வாங்கிக்கொண்டார், நாளைக்கு வந்து விசாரிக்கிறோம் என்றார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "ஒன்னயக் காப்பாத்தவா விழுந்தேன்னு சொன்னேன்? ஒரு பொம்பளகிட்ட அடிவாங்கிப் படுத்துக் கெடக்கேன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள எப்படி நடமாடுவேன்? போ, போயிக் கிழிச்சுப் போட்டுட்டு வா" என்றார். கேட்டதும் உள்ளே ஏதோ காலியானது. அவர் என்னைக் கடன்பட வைக்கவில்லை. சரி, அவருக்காகக் கிழித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஏற்கெனவே அடித்தாயிற்று, இது இன்னொரு அடி, எதற்கு என்று.

வராந்தா வரைக்கும் பெரியம்மா கூட வந்தாள். கட்டுப்போட்ட கையால் என் தோளைத் தொட்டாள். "கிழிக்காத" என்றாள். "கல்யாணமாகி முப்பத்தாறு வருசம். நான் எத்தன தடவ விழுந்திருக்கேன் தெரியுமா. குளிக்கப் போனா விழுவேன், மாடு கட்டப் போனா விழுவேன். எல்லா ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் விழுந்தேன்னுதான் இருக்கு. அவருக்கு ஒரு சீட்டாச்சும் அடிச்சாங்கன்னு இருக்கட்டும்." அழவில்லை, கார்முகில். பஸ்ஸுக்கு நேரமாச்சு போ என்று அவளே அனுப்பிவிட்டாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்கும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் உயிரைக் காத்ததும் அந்தக் கைதான், அதை நான் மறக்கவில்லை. அவர் அவளை அடித்ததற்காக நான் அவரை அடிக்கவில்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். என் கணக்கு என்னுடையது. தாளை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. நாளை வரட்டும், கேட்கட்டும், சொல்கிறேன். வேலை போனால் போகட்டும், நீ ஊருக்கு ஓடி வராதே.

இனி ஒன்றுதான் பாக்கி. நீ ஏழாவது படிக்கும்போது என் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. கிணற்றடியில் விழுந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். இருபது நாள் நீதான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாய், கோணலாக. நான் விழவில்லை. உன் அப்பா. எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது, பெரிதாக எதுவும் இருந்திருக்காது. வியாழக்கிழமை போனில் நீ கையை ஒடிக்கணும் என்றது அவர் குரலில்தான். போய்ச் சேர்ந்தவரைப் பற்றி ஏன் இப்போது என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் யாரும் யாரையும் அடித்ததாக ஒரு தாளிலும் இல்லை. இதுதான் முதல் தாள். இதில் நானும் இருக்கிறேன், அடித்தவள் என்று.

நல்லபடியாக இரு. வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் நித்யாவுக்கும் என் ஆசிகள் என்றைக்கும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை நித்யாவின் கையில் கொடு. நீயாகப் படித்துச் சொல்லாதே, அவளே படிக்கட்டும். படிக்கும்போது நீ அந்த அறையில் இருக்க வேண்டாம்.

உன் அம்மா,
அமுதவல்லி