மேற்கு வாசல் துண்டுகள்

அம்மாவுக்கு உன் சின்னவன் வணக்கம்.

இருமல் விட்டுடுச்சு. உன் முட்டிவலி தேவலையா?

இங்கே கால்பந்து மைதானத்துல கூட்டிப் பெருக்குறேன். எதிர் அணி ரசிகருங்க போட்டுக்குற அவங்க நிறக் கழுத்துத் துண்டு எங்கே கிடந்தாலும் உடனே குப்பையில போடணும், இல்லேன்னா ரசிகர்களுக்குள்ள அடிதடிதான். நேத்து மேற்கு வாசல் கம்பியில அந்தத் துண்டுங்க வரிசையா கட்டியிருந்துச்சு. வழக்கம்போல அவுத்துக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்.

வாசல் காவலர் பதறி ஓடிவந்தார். முன்னே ஒரு ஆட்டத்தப்போ அந்த வாசல் நெரிசல்லதான் எங்க அணி ரசிகருங்க செத்தாங்களாம். அவர் மகளும் அதுல ஒருத்தியாம். வருஷா வருஷம் அதே நாள்ல எதிராளிங்களே வந்து செத்தவங்க நினைவா துண்டு கட்டிட்டுப் போவாங்களாம்.

"மத்த நாள்ல அடிச்சுக்குவோம்ப்பா. இன்னைக்கு மட்டும் கிடையாது"ன்னார்.

ரெண்டு பேருமா தொட்டியில கைவிட்டு எடுத்து, உதறித் திரும்பக் கட்டினோம். என்னை யாரும் திட்டலை, கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. வேலைக்குக் கூப்பிடுறாங்க.

எங்களுக்குள்ள வந்த அந்தச் சண்டைக்கு அப்புறம் அண்ணன் என்னைப் பத்திக் கேக்கறதே இல்லைன்னு தெரியும். கேக்காட்டியும், நல்லா இருக்கேன்னு அவன்கிட்ட சொல்லு.