கறுப்பு வண்டியின் சீட்

பந்துல்,
ஐந்து நாளுக்கொரு முறை கூடும் பஹிங் சந்தைக்கு முந்தைய மாலை

மரியாதைக்குரிய என் கணவர் மாஸ் குஸ்வாடி அவர்களுக்கு, வினார்சி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உங்கள் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. உங்கள் நலத்தையும் கேட்க வேண்டும், பயமாக இருக்கிறது. அரஃபுரா கடலில் உங்கள் படகைக் காணவில்லை என்று படகு முதலாளியின் ஆள் இரண்டரை வருஷத்துக்கு முன் வந்து சொல்லிப் போனதோடு சரி, அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் பூர்வந்தோவுக்கு சுரபாயாவில் வேலை போய்விட்டது. குடும்பத்தோடு வந்துவிட்டார். முன்னறையை அவர்களுக்கு விட்டாயிற்று. டெம்பே செய்ய வாங்கும் சோயாவின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

மூன்று சைக்கிள்களில் ஒன்றுக்குத்தான் இனி அடுக்களைப் பக்கம் இடம். குறுக்குக் கம்பி இல்லாத என் லேடீஸ் சைக்கிள் போன சந்தையிலேயே விலைபோய்விட்டது. அதற்காக நான் அழவில்லை. கூடை கட்டிய வண்டியில்தான் டெம்பே விற்கப் போய்வருகிறேன், அது போனால் உலை கொதிக்காது. உங்கள் கறுப்பு வண்டியிலோ எனக்குக் கால்கூட எட்டாது. “துருவைப் பொங்கியா தின்னப் போற? பெரிசைத் தள்ளி விடும்மா” என்கிறார் உங்கள் அண்ணன். அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அம்மாவும் அவர் பக்கம்தான். உடல் வராததால் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று ஓதிப் படைக்கும் சோறு எதற்கும் நான் அரிசி களையவில்லை. வரப்போகும் ஆயிரமாம் நாளையாவது செய்து உங்கள் ஆவியை அனுப்பி வைக்க வேண்டுமாம். “ஒம் பிடிவாதத்துல எம்புள்ள வாசல்லயே நிக்கிறான்டி” என்று கத்திவிட்டு, என்னைவிட அதிகமாக அவரே அழுதார். வண்டி விற்ற பணத்தில் கோழியும் அபெம் பணியாரமும் செய்து அக்கம்பக்கத்து ஆண்களை ஓத அழைக்கலாம் என்கிறார்.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம். கொடுக்குமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமென்று உங்கள் கறுப்பு வண்டியின் சீட்டை என் உயரத்துக்கு இறக்கினேன். காலையில் அது உங்கள் உயரத்தில் நின்றது. உங்கள் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். “ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாதே” என்றார். உண்மைதான், உங்களுக்கே தெரியும். மறுபடி இறக்கி, நட்டை என் பலம் முழுவதும் போட்டு முறுக்கினேன். மறுபடி ஏறியிருந்தது. அடுத்த தடவை ஸ்பேனரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அன்று மட்டும் ஏறவில்லை. ஆனால் கைப்பிடி ஈரமாக இருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

பழைய சைக்கிள் வாங்கும் பாக் தர்சோ நேற்று வந்தார். சீட்டின் தோலை அமுக்கிப் பார்த்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். சும்மா கிடக்கும் தோல் வெடித்துப்போகுமாம். இது தினமும் ஆள் உட்காருகிற தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறதாம். “ஓட்டுறவரு இருக்கும்போது நான் எப்படிம்மா வாங்குறது? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்று சொல்லி, ஊற்றி வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார். உடையவர் சம்மதமில்லாமல் பழைய பொருளைக் கைமாற்ற நம் ஊரில் யார் துணிவார்கள்?

அதனால் கேட்கிறேன். நாளைக்கு அவர் மறுபடி வருவார். சீட்டை இப்போதுதான் இறக்கிவிட்டு வந்தேன். காலையில் அது தாழ்ந்தே இருந்தால் உங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். வண்டியைக் கொடுத்து, அரிசி களைந்து, உங்களை நல்லபடியாக அனுப்பி வைப்பேன். ஏறியிருந்தால் கூடை வண்டி போகட்டும். டெம்பேயை முதுகில் துணி கட்டிச் சுமந்து விற்கிறேன். வயிறு கொஞ்சம் காயும், அவ்வளவுதானே.

நல்ல மனைவி கேட்க வேண்டியது, தாழ்ந்தே இருக்கட்டும் என்பதுதான். கேட்டுவிட்டேன், மாஸ். அல்லாஹ் உங்களுக்கு விசாலமான இடம் தரட்டும். குளிரில்லாத, காய்ந்த இடமாகத் தரட்டும்.

சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல் பையில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். ஸ்பேனரையும் அதிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள்
வினார்சி