இருங்க என்றால் நிற்பவருக்கு

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை பால் சட்டியைப் பார்த்து "இருங்க" என்று சொல்லிவிட்டேன். "இரு" என்றுகூட இல்லை, புருஷனிடம் சொல்வது போல மரியாதையாக "இருங்க." பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்தால் பரவாயில்லை, உங்கள் அக்கா உட்கார்ந்திருந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அவர் விரல் பாதியில் நின்றது.

"பாலுக்கு என்னடி மரியாதை?" என்று கேட்டார்.

பால் நின்றுவிட்டிருந்தது. பொங்கி எழுந்து, சட்டியின் வாய்க்கு மேலே நுரை குவிந்து, வழியவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆவியில் உங்கள் வாசனை வந்தது. வேர்வையும் கரும்புத் தோகையும் மாட்டுக் கயிறும் கலந்த அந்த வாசனையை நான் எப்படி மறப்பேன்? மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன். அக்கா மத்தியானம் புறப்பட்டுப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கோயில் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியபோது கற்ற எழுத்துதான் என்னுடையது. பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம், உங்கள் கையெழுத்தைக் கோழிகூடத் திருத்தியிருக்கும்.

கல்யாணமான புதிதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கரும்பு வெட்டுக் காலத்தில் மில்லுக்குப் போகிற வண்டியைத் தவறவிட்டவன் பின்னாலேயே ஓடுவானே, அப்படி. நான் கூந்தலை ஒதுக்குவதற்குள் எல்லாம் முடிந்து, நீங்கள் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பீர்கள். ஒரு நாள் என் பொல்லாத வாய் சும்மா இருக்கவில்லை. "வண்டி கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். உங்களுக்கு மூக்கு சிவந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனவர், சோற்றுக்குக் கூப்பிட்டாலும் மாட்டைப் பார்த்தே பதில் சொன்னீர்கள். நான் பயந்துதான் போனேன். ஆனால் மாடும் நீங்களும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது.

அந்தக் கோபம் தீர்வதற்குள் சிக்லோன் புயல் வந்தது. ரோஸ் பெல் ஊர்ப் பக்கத்துக் கரும்பெல்லாம் தரையோடு படுத்துக்கொண்டது. கதவு ஜன்னலுக்குக் குறுக்குச் சட்டம் அடித்து, பகலிலேயே வீட்டை இருட்டாக்கி, இரண்டு பேரும் உள்ளே அடைந்து கிடந்தோம். கூரை பிய்ந்துகொண்டு போகுமோ என்ற பயத்தில் எந்தக் கோபம் நிற்கும்? நீங்கள் என் பக்கம் வந்தீர்கள். வழக்கம் போலவே அவசரமாக வந்தீர்கள். அப்போதுதான், மரத்தில் அறைந்தது போலக் காற்று நின்றது.

சிக்லோனுக்கு நடுவில் ஒரு வெற்றிடம் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அந்த அமைதியைக் காதால் கேட்டது அன்றுதான். இலை அசையவில்லை, மாடு மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. யாரோ வீட்டைச் சுற்றி வந்து வாசலில் நின்று உள்ளே பார்ப்பது போல இருந்தது. நான் பயந்து உங்கள் தோளைப் பிடித்து "இருங்க" என்றேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். விளிம்பிலே, இன்னும் ஒரு மூச்சு விட்டால் தாண்டிவிடுகிற இடத்தில், அப்படியே நின்றுவிட்டீர்கள். உங்கள் கண் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. உலகத்தில் எதுவுமே நகராத அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு மறுபக்கத்திலிருந்து காற்று திரும்ப வந்து கதவில் மோதியது. நான் "சரி, போயிட்டு வாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. காலையில் வயலுக்குப் புறப்படும்போது சொல்கிற வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு என் உடம்பு எனக்குச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்தக் காகிதத்திலும் சொல்லப்போவதில்லை. கூரையில் பாதியைக் காற்று கொண்டுபோனது மறுநாள் காலையில்தான் நமக்குத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் அது நம் விளையாட்டானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். நான் "இருங்க" என்றால் நீங்கள் நிற்க வேண்டும். நான் "போயிட்டு வாங்க" என்றால்தான் போகலாம். சில நாள் நீங்கள் சொல்வீர்கள், நான் நிற்பேன். அதில் நீங்கள்தான் கெட்டிக்காரர், நான் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவேன். மறுநாள் காலை தெருவில் எல்லார் முன்னாலும் நான் "போயிட்டு வாங்க" என்று உரக்கச் சொன்னால், உங்கள் காது மட்டும் சிவக்கும். மாட்டை வழியே இல்லாத திசையில் ஓட்டுவீர்கள்.

தீமிதிக்குக் காப்புக் கட்டிய வருஷம் நமக்கு ஒரு வழக்கு வந்தது. விரத நாளில் புருஷனும் பெண்சாதியும் விலகி இருக்க வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்தார். கடைசிவரை போகாமல் நின்றுவிட்டால் விரதம் கெடுமா என்று நீங்கள் கேட்டீர்கள், வக்கீல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. விரதம் என்றால் அடுப்பே மூட்டாதது, நம்முடையது பால் பொங்கி வரும்போது விறகை இழுப்பது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று நான் சொன்னேன். அப்படியானால் வேண்டாம் என்று மறுப்பதும் இதுவும் ஒன்றா என்றீர்கள். மறுத்தால் சட்டி காலி, இதில் சட்டி நிறைய இருக்கிறது என்றேன். நீங்கள் வண்டிக்காரன் பேச்சில் ஒன்று சொன்னீர்கள்.

"மாடு அடிக்குப் பயந்தும் நிக்கும். நான் அப்படி நிக்கல. நீ அவுத்து விடுவேன்னு தெரிஞ்சு நிக்கிறேன். அவுத்து விடுற கைதான் பிடிக்கலாம்."

அந்த வருஷம் நாம் பாயைத் தனித்தனியாகவே போட்டோம். உங்கள் பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. என் நாக்கில்தான் சூடான கஞ்சி பட்டுக் கொப்புளம்.

அந்த வார்த்தை வீட்டைவிட்டு வெளியே நடமாட ஆரம்பித்ததுதான் எனக்குக் கொஞ்சம் திகில். ஒரு தரம் நீங்கள் சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று வாசலிலிருந்து "இருங்க" என்று கத்தினேன். வாய்க்காலைத் தாண்டத் தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாம்பைப் பார்த்துவிட்டார் என்று ஆட்கள் கத்தியோடு ஓடிவந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கிட்டே வந்து முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. உங்கள் கண்ணில் விளையாட்டு இல்லை. அந்தச் சிக்லோன் நாளின் அமைதி இருந்தது. வாய்க்கால் தண்ணீரும் அன்று ஓசையில்லாமல்தான் போனது. மெதுவாகச் சொன்னேன், "போயிட்டு வாங்க." கால் இறங்கியது. "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றால், "ஒண்ணுமில்லையே, நீ கூப்பிட்டியா?" என்றீர்கள்.

பிறகு காய்ச்சல் வந்தது. எல்லார் வீட்டுக்கும் வந்த காய்ச்சல்தான், உங்களை மட்டும் விடவில்லை. ஒரு முற்பகலில் உங்கள் மூச்சு இறங்கிக்கொண்டே போய், வெளியே போனது திரும்பவில்லை. நான் யோசிக்கவே இல்லை. "இருங்க" என்றேன்.

மூச்சு திரும்பியது.

அன்று மாலையும் மறுநாளும் அப்படியே. போகும், நான் சொல்வேன், நிற்கும். முழங்கால்வரை குளிர்ந்துவிட்டது. கண் மட்டும் திறந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வந்து கரண்டியால் பால் ஊற்றினார். இறங்கவும் இல்லை, வழியவும் இல்லை, உதட்டுக்கு நடுவில் வெள்ளையாக நின்றது. மண்ணாசைதான் பிடித்து வைத்திருக்கிறது என்று நம் துண்டுக் கரும்பு நிலத்து மண்ணைக் கரைத்து உதட்டில் தொட்டு வைத்தார்கள். மாட்டாசை என்று மாட்டைப் பிடித்துவந்து ஜன்னலில் காட்டினார்கள். மாடு உங்களைப் பார்த்ததும் அசைபோடுவதை நிறுத்தியது. கோழி நடக்கவில்லை. வெளியே முற்றிய கரும்புத் தோகை, சும்மா கிடந்தாலே சலசலக்கிற தோகை, ஒன்றோடொன்று உரசவில்லை. வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள், ஏன் போகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. ஆசை மண்ணிலும் இல்லை, மாட்டிலும் இல்லை. பிடித்திருந்தது நான். அவிழ்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு பகல், இன்னும் ஒரு காலை என்று வைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்தபோது உங்கள் கையைத் தொட்டேன், அது கை மாதிரி இல்லை. கண் மட்டும் நீங்களாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கெஞ்சுமே, அதே கண். அதில் என்மேல் சந்தேகம் துளிகூட இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துணி மாற்ற வேண்டும் என்று அக்காவை வெளியே அனுப்பினேன். காதோரம் குனிந்தேன். "போங்க" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம் வீட்டில் யாரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறேன்? பழகின நாக்கு பழகினதைத்தான் சொன்னது.

"சரி, போயிட்டு வாங்க."

போனீர்கள். முகம் தளர்ந்து, அந்தச் சின்னச் சிரிப்போடு, எப்போதும் போவது போலவே போனீர்கள். வெளியே கரும்புத் தோகை ஒரே சமயத்தில் சலசலத்தது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "எழவு வீட்டுக்கு வந்தவங்களே போயிட்டு வரேன்னு சொல்லமாட்டாங்க. நீ சாகிறவனையா வான்னு சொன்னே?"

சொன்னதைச் செய்கிறவர் நீங்கள். அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. காற்று விழுந்து, தோகை ஓய்கிற மத்தியானங்களில் ஆணியில் தொங்கும் உங்கள் தொப்பி ஆடும். காய்ச்சலில் நீங்கள் கிடந்த கட்டிலின் ஒரு பக்கம் கொஞ்சம் தாழும். முதலில் முதுகு சில்லிட்டது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் "இருங்க" என்று மட்டும் சொல்வதில்லை. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். பிடிக்கிற கைக்கு அவிழ்க்கவும் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டை, மாட்டை, அக்காவின் பேரப்பிள்ளையைக்கூட நான் "நில்" என்றுதான் சொல்கிறேன். இத்தனை காலம் அந்த வார்த்தையை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்து, இன்று காலை பாலிடம் போய்க் கொடுத்துவிட்டேன்.

அங்கே விட்டேன் அல்லவா. பால் நின்றது. தொப்பியும் ஆடி நின்றது. அக்கா பாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டில் பக்கம் பார்க்கவேயில்லை.

"அவன்தானா?" என்றார், குரல் இறங்கி.

"அவருதான் அண்ணி."

"இந்தத் தடவையாவது ஒழுங்காச் சொல்லுடி. போங்கன்னு சொல்லு. வாங்கன்னு சொல்ல வேணாம்."

சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா சொல்வதும் நியாயம்தான். நுரை நடுங்காமல், என் வாயைப் பார்ப்பது போல நின்றது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சரி, போயிட்டு வாங்க" என்றேன்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அக்காவின் வெற்றிலைப் பெட்டி நனைந்தது. அவர் பாலில்லாத தேநீர் குடித்துவிட்டுப் போனார், வரேன் என்று சொல்லவில்லை.