துணைக்கால் தொலைந்த கார்

மச்சான்,

இன்று காலை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையில் புது டியூப் ஒன்றைப் பிரித்தார்கள். அந்த றப்பர் மணம் மூக்கில் ஏறியதும் உரும்பிராய் பஸ்ஸைத் தவறவிட்டேன். நீ செத்துப்போய் ஒன்றரை வருடம். ஆனால் கண்ணுக்கு முன்னால் நீ எங்கள் கார்க் கொட்டிலில் குந்தியிருந்து சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தாய்.

அண்ணை ஐம்பத்தாறாம் ஆண்டு ஆசையாக வாங்கிய கார் அது. இரண்டு பேர்தான் இருக்கலாம்; கூரையை மடித்துவிடலாம்; செவ்வரத்தம்பூச் சிவப்பு. அடுத்த வருடமே அவர் லண்டன் போய்விட்டார். பதினாறு வருடம் கழித்து, நெஞ்சு வருத்தக்காரியான அம்மாவைப் பார்க்க வருவதாக எழுதினார். வந்ததும் அம்மாவை அந்தக் காரில் தானே கீரிமலைக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். அப்பா இல்லாத வீட்டில் அண்ணை சொன்னால் சொன்னதுதான். மூன்று கிழமைதான் இருந்தது. ஊரில் பேர்போன மெக்கானிக், என் பள்ளிக்கூடக் கூட்டாளி, உன்னிடம்தான் ஓடிவந்தேன்.

"ரெண்டாயிரத்து எண்ணூறு மைல்தான் ஓடியிருக்கு. ஒயிலை மாத்தி மினுக்கிவிட்டால் காணும்" என்றேன்.

நீ மீற்றர்ப் பக்கம் திரும்பவேயில்லை. "சேவிஸ் பொத்தகம் மைலை எண்ணும். றப்பர் வருஷத்தையெல்லோ எண்ணும்" என்று பிரேக் குழாயை விரலால் வளைத்தாய். அது அப்பளம் மாதிரி வெடித்தது. "இதை நம்பியே கொம்மாவை ஏத்தப்போறியள்?"

வெள்ளி தவறாமல் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைப் பெருமையாகச் சொன்னேன். நீ தலையில் கை வைத்தாய். "சூடேற முன்னம் நிப்பாட்டினால் எஞ்சினுக்குள்ளை தண்ணி கோக்குமடா. அதுசரி, ஏன் ஓடாமல் வைச்சனீ?"

அண்ணை போன புதிதில் எழுதிய நீல வான்கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். 'காரை ஓட விடாதே' என்று அதில் இருந்ததைத்தான் வேதவாக்காக வைத்திருந்தேன். 'கார் நல்ல சுகம்' என்று ஒவ்வொரு பதிலிலும் எழுதியும் வந்தேன். நீ அதை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தாய்.

"மச்சான், இது 'ஓட' இல்லை, 'ஓடா'. துணைக்கால் கிடக்கு. கடிதத்தைத் திறக்கேக்கை வரி முடியிற இடத்திலை ரெண்டு எழுத்தைச் சவர பிளேட்டாலை வெட்டிப்போட்டாய். காரை ஓடாமல் விடாதே எண்டெல்லோ அவர் எழுதியிருக்கிறார்!" விழுந்து விழுந்து சிரித்தாய். "நீ ஒரு காலை விட்டிட்டு வாசிச்சாய், கார் பதினாறு வருஷம் முடமாக் கிடந்திட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணைக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன்.

சின்னச் சேவிஸ் என்ற கதையையே நீ எடுக்கவில்லை. பழைய பெற்றோலை இறக்கினாய், தாங்கியைக் கழுவினாய். வெடிப்பே வெளியில் தெரியாத டயர்களையும் கழித்தாய். பிரேக் சாமான்கள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன. கடைசியில் ஒரு விடியற்காலை, "நீயே ஓட்டு" என்று பக்கத்தில் ஏறியிருந்தாய்.

நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே பனி இறங்கியிருந்தது. எங்கேயோ இறைப்பு மெசின் ஒன்று மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. ஈரமண் மணம். வாழையிலைகள் தாங்களே நகர்ந்து எங்களைக் கடப்பது போலிருந்தது. "மிதி" என்பாய், மிதிப்பேன், நிற்கும். "இன்னொருக்கால்." நின்று நின்று, சிரித்துச் சிரித்துப் போனோம். ஆருடைய கார், ஆர் வரப்போகிறார் என்பதெல்லாம் மறந்துபோனது. அந்தத் தெரு என் நித்திரையில் இன்னும் நீண்டுகொண்டே போகிறது.

அண்ணை வந்தார். குனிந்து மீற்றரைப் பார்த்தார். "ஏன்ரா, ஓடச்சொல்லியெல்லோ எழுதினனான்?"

நான் கார்க் கதவின் பிடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"நான்தான் மறிச்சனான் அண்ணை" என்றாய் நீ. "நிண்டால் தேயாது எண்டு நினைச்சிட்டன்."

எந்த மெக்கானிக்கும் சொல்லக் கூசுகிற சொல். "உனக்கு ஆர் கார் வேலை பழக்கினது?" என்று அயலட்டைச் சனம் கேட்க அண்ணை சத்தம் போட்டார். நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய். நான் கொட்டில் தூணைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கீரிமலைக்குப் போய், தலைமயிர் கலைந்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். நீ பூட்டிய பிரேக் ஒருதரமும் பிசகவில்லை. பிறகு உன்னைத் தேடிவந்து, ஏனடா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"எனக்குக் கார் ஆயிரம் வரும். உனக்கு அண்ணை ஒராள்தானே" என்றாய்.

நீ செத்ததை அண்ணைக்கு எழுதினேன். பதில் வந்தது: 'நல்ல மனுசன். கார் வேலைதான் பாவம், தெரியாது.' அதற்கு உண்மையை மறுமொழியாக எழுத மூன்று தரம் பேனையோடு இருந்தேன். மூன்று தரமும் மழையைப் பற்றி எழுதி ஒட்டி அனுப்பிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மச்சான்.