ஏரித் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்ட அத்தைக்கு

அத்தை,

இன்று அம்மா பீரோவை ஒழித்தபோது, பாச்சை உருண்டை வாசனையோடு உங்கள் மெரூன் ஸ்வெட்டர் வெளியே வந்தது. "தாம்பரத்து வெயிலுக்கு இத யார் போடப் போறா?" என்றாள் அம்மா. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அப்பா நம்மையெல்லாம் சிக்கிமில் உள்ள கேங்டாக்குக்கு அழைத்துப்போனார். மலைமேல் இருக்கும் புத்த மடாலயத்தையும் அதற்கும் மேலே உள்ள ஏரிகளையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவதாக ஏற்பாடு. உயரத்தில் காற்று குறைவு என்று நான் படித்திருந்தேன். உங்களுக்கோ ஆஸ்துமா.

"அத்தை ஹோட்டல்லயே இருக்கட்டும்பா" என்றேன்.

"திருநீர்மலைல பாதிப் படியிலயே உக்காந்த உங்கப்பா வராரு. நான் மட்டும் ரூம்ல டிவி பாக்கணுமாடி?" என்றீர்கள். தன் தங்கை சொன்னதைக் கேட்டு அப்பா சிரித்துவிட்டார். அதோடு என் பேச்சு எடுபடவில்லை.

மடாலயப் படிகளில் நீங்கள் அடிக்கடி நின்றீர்கள். நின்றபோதெல்லாம், "எத்தனை கலர்ல கொடி பாரு" என்று கை காட்டினீர்கள். நான் கொடிகளைப் பார்க்கவில்லை. மூச்சுக்கு மூச்சு உள்ளே போகும் உங்கள் கழுத்துக் குழியைத்தான் பார்த்தேன். உள்ளே, நெய் விளக்குகளுக்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். துறவி ஒருவர் உங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

முதல் ஏரியை ஜீப்பிலிருந்தே பார்த்தோம். இரண்டாவது ஏரியில் இறங்கினோம். ஓரமெல்லாம் பனி. அது புனித ஏரி என்று டிரைவர் சொன்னதுதான் தாமதம், நீங்கள் ஷூவைக் கழற்றிவிட்டீர்கள். எந்தக் கோயில் குளத்தையும் கால் நனைக்காமல், தலையில் தெளித்துக்கொள்ளாமல் நீங்கள் கடந்ததில்லை. தெளித்துக்கொண்டு திரும்பும்போது பாறை வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"காசிக்குப் போகாமலே முங்கிட்டேன்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே விசில் சத்தமாக மாறியது. இன்ஹேலர் போதவில்லை. டிரைவர் தன் கம்பளியை உங்கள்மேல் போர்த்தி, "ஜல்தி, நீச்சே" என்றார்.

"கீழ இறங்கினா சரியாயிடுமாம்" என்றார் அப்பா. அவர் குரல் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

உங்கள் தலை என் மடியில் இருந்தது. விசில் கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

"அத்தை."

"இருக்கேன்டி."

வளைவுக்கு வளைவு கூப்பிட்டேன். அம்மா அதட்டியும் நிறுத்தவில்லை. பைன் மரங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் உங்கள் உதட்டில் நிறம் திரும்பியது. "அந்த ஊர் சாமி ரொம்ப ஜில்லுனு இருக்குடி" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

போன மழைக்காலத்தில் அதே விசில் நம் வீட்டிலேயே கேட்டது. ஆட்டோவில் கடைசியாக உங்கள் கையைப் பிடித்திருந்தபோது அந்த மலைப்பாதைதான் என் நினைவில் ஓடியது. ஆனால் தாம்பரத்திலிருந்து இறங்கிப்போகக் கீழே இடமில்லை, அத்தை.

இப்போது ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறும்போது அம்மாவுக்கு லேசாக மூச்சு வாங்குகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். அதனால் நான் கேட்பதில்லை. செருப்பு வார் கழன்றுவிட்டதாகச் சொல்லிக் குனிந்துகொள்கிறேன்.

"இந்தச் செருப்பத் தூக்கிப் போடுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று திட்டியபடியே அம்மா கைப்பிடியைப் பிடித்து நிற்கிறாள். அவள் மூச்சு சீராகும்வரை நான் நிமிர்வதில்லை.